இறந்தவன் தோண்டிய நீலக்கல்

"இவன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் வொலானா. "போன மார்ச்சுல இந்தக் கல்லைத் தோண்டி எடுத்தான்னு இதுல போட்டிருக்கு."

போனை மேசைமேல் வைத்து எதிரே இருந்த ரோஸ்விதாவின் பக்கம் தள்ளினாள். திரையில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். முன்பல்லின் ஓரம் சற்றே உடைந்திருந்தது. கீழே அவன் பெயர், தாஹினா. அதற்கும் கீழே மடகாஸ்கரில் ஒரு சுரங்கம், கல்லின் எடை, தோண்டிய மாதம். 'உங்கள் மோதிரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்' என்று வளைந்து நெளிந்த எழுத்தில் ஒரு வரி.

"இவர் உங்களுக்கு யாரு?"

"தம்பி."

மூலையில் காபி மெஷினோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த தீலோ, கையை எடுத்துவிட்டுத் திரும்பினான். வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும் என்று பெயரெடுத்தவன், மேசையருகே வந்து குனிந்து படத்தைப் பார்த்தான்.

வொலானா ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கூட வேலை செய்யும் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அவள் நீலக்கல் மோதிரத்தைக் காட்டி, கூடவே கொடுத்த கார்டை ஸ்கேன் செய்து, என் கல்லைத் தோண்டியவர் எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார் பார் என்று போனை நீட்டியிருக்கிறாள். நீட்டியவளுக்கு ஒன்றும் தெரியாது. வொலானா கையில் இருந்த மாத்திரைத் தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

தாஹினா மண் சரிந்து செத்தவன். உடலை எடுத்து, குளிப்பாட்டி, துணி சுற்றிப் புதைத்தார்கள். மண் சரிந்த அந்தச் சுரங்கக் குழியை நடத்தியது இதே இடார்-ஓபர்ஸ்டைனின் மெர்ஃபெல்ட் கம்பெனி. ஆனால் கம்பெனி ஒரே வரியில் கையைக் கழுவிவிட்டது. செத்தவர்கள் எங்கள் ஆட்களே அல்ல, எங்கள் வேலிக்கு வெளியே திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் என்றது. திருடன் என்ற பெயரோடுதான் தாஹினா மண்ணுக்குள் போனான்.

"அன்னிக்குத் திருடன்" என்றாள் வொலானா. "இன்னிக்கு அதே கம்பெனியோட கார்டுல, கடை ஜன்னல்ல சிரிக்கிறான். எது உண்மைன்னு எனக்குத் தெரியணும்."

ரோஸ்விதா சுங்கத்துறையில் கடத்தல் கற்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவள். மேலதிகாரியுடைய மைத்துனனின் பெட்டியைத் திறந்து பார்த்ததால் வேலையை விட்டு வெளியே வந்து, ரொட்டிக்கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தாள். மூக்குக்கு மேல் கோபம். தீலோ அதற்கு முன் போன் ரிப்பேர் கடையில் இருந்தவன். நல்லா இருக்கிற போனுக்கு எதற்கு புது பேட்டரி என்று வாடிக்கையாளரிடமே கேட்டதால் துரத்தப்பட்டவன். இரண்டு பேரும் உண்மை பேசி வேலை இழந்தவர்கள் என்பதுதான் அந்த அலுவலகத்தின் ஒரே தகுதி.

"தீலோ, உன் கோட்டை மாட்டு" என்றாள் ரோஸ்விதா.

*

கம்பெனி முதலாளி எக்கார்ட் மெர்ஃபெல்ட் அவர்களை நன்றாகவே உபசரித்தார். காபி வந்தது, பிளம் கேக் வந்தது. கார்டை ஸ்கேன் செய்தால் திறக்கும், அவர் கம்பெனி கொண்டுவந்த அந்த போன் ஆப்புக்கு 'ஃபாடன்' என்று பெயர். நூல் என்று அர்த்தம். மண்ணிலிருந்து விரல்வரை கல் போகிற வழியெல்லாம் ஒரு நூல் கூடவே போகிறது, எங்கேயும் அறுவதில்லை என்று அவர் விளக்கினார். முகம் உள்ள கல்லுக்கும் முகம் இல்லாத கல்லுக்கும் கடைகளில் விலையே வேறு. யாருடைய ரத்தமும் படாத கல் என்று தெரிந்தால் ஜனங்கள் இரண்டு மடங்கு கொடுக்கத் தயார்.

ரோஸ்விதா தாஹினாவின் படத்தைக் காட்டி, இவர் செத்து இரண்டு வருஷம் ஆனதாக இவருடைய அக்கா சொல்கிறாள் என்றாள். மெர்ஃபெல்ட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லையே என்றார்.

"உங்க ஆப்புலதான் இருக்கார்."

"இருக்கட்டும். செத்தவர் வேற யாரோ. இவர் உயிரோட தோண்டிட்டு இருக்கார். எங்க நூல் தப்பு பண்ணாது."

"அக்காவுக்குத் தம்பி முகம் தெரியாதா?"

மெர்ஃபெல்ட் கேக்கை முள்கரண்டியால் வெட்டினார். "அம்மா, அவங்க மனசு வேதனையில இருக்கிறவங்க. தப்பா எடுத்துக்காதீங்க, அந்தப் பக்கத்து ஆளுங்க முகமெல்லாம் நமக்கு ஒண்ணுபோலத்தான் தெரியுது. அவங்களுக்கே கொஞ்சம் குழப்பம் வரலாம்."

ரோஸ்விதாவின் காதுமடல் சிவப்பதை தீலோ பார்த்தான். அது எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். கேக் தட்டை மெல்ல அவள் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தான்.

அவள் தட்டைத் தேடவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். தாஹினாவின் சட்டைக் கழுத்துக்குக் கீழே பச்சை எழுத்துகள் பாதி தெரிந்தன. இந்த ஊர் முதியோர் இல்லத்தின் கோடை விழா பனியன். வொலானா தம்பிக்குப் பார்சல் அனுப்பியது.

மெர்ஃபெல்ட் அதற்கும் அசரவில்லை. இங்கே நாம் தானம் கொடுக்கிற பழைய துணியெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் போகிறது, அதில் ஒன்று இவருக்குக் கிடைத்திருக்கும் என்றார்.

வெளியே வந்ததும் தீலோ சொன்னான், "மேடம், இந்த ஆள்கிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்கு. பனியன் பேசினாக்கூட அதுக்கு ஜலதோஷம்னு சொல்லுவார்."

ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவள் அவள். படத்தைப் பார்த்தபோது மெர்ஃபெல்டின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒருவனால் பொய் சொல்ல முடியுமா என்ற எரிச்சலில் கார்க் கதவை அறைந்து சாத்தினாள்.

*

மறுநாள் சனிக்கிழமை. சந்தையில் பீச் மர விறகில் சுட்ட இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து இருவரும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தீலோ அதுவரை ஊரிலுள்ள நகைக்கடை ஜன்னல்களையெல்லாம் சுற்றி, மெர்ஃபெல்ட் கற்களின் கார்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்திருந்தான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முகம், ஒரு சின்ன வீடியோ. சிவப்பு மண்ணைக் கிளறி, ஒரு கை கல்லை எடுத்துத் தண்ணீரில் அலசுகிறது. காற்றுச் சத்தம். எங்கோ ஒரு பறவை. அவ்வளவுதான்.

உச்சிவேளையில் தீயணைப்பு சைரன் ஊளையிட்டது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும் வழக்கமான சோதனைதான். யாரும் தலையை நிமிர்த்தவில்லை. ஊரின் கீழ்ப்பக்கத் தீயணைப்பு நிலையமான கீழ்நிலையத்து சைரன் ரிப்பேராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏறிக்கொண்டே போய் உச்சியில் இரண்டு தடவை இருமிவிட்டு இறங்கும்.

தீலோ மெல்லுவதை நிறுத்தினான். ரொட்டியை ரோஸ்விதா கையில் கொடுத்துவிட்டு போனை எடுத்தான். தாஹினாவின் கல் வீடியோவைப் போட்டு, ஒலியை முழுதாக ஏற்றி, அவள் காதருகே பிடித்தான். காற்று, பறவை. கடைசி நொடிகளில் ஒரு முனகல். தண்ணீர் இறைக்கும் மோட்டார் என்று அதுவரை நினைத்திருந்தது. அது ஏறியது. உச்சியில் இரண்டு தடவை இருமியது.

"மடகாஸ்கருக்கும் நம்ம ஊர் ஃபயர் சர்வீஸ்தான் போல" என்றான் தீலோ. "இந்த ஆஸ்துமாக்காரன் உலகத்துலயே ஒருத்தன்தான் மேடம்."

ரோஸ்விதா இரண்டு ரொட்டியையும் குப்பைத்தொட்டியில் போட்டாள். தீலோ தன் ரொட்டி போவதை வருத்தத்தோடு பார்த்தான்.

மற்ற கற்களின் வீடியோக்களையும் கேட்டார்கள். எல்லாவற்றிலும் அதே இருமல். முகங்களையும் பிரித்து அடுக்கினான் தீலோ. கல் நிறைய, முகம் ஆறுதான். அந்த ஆறையும் வொலானாவுக்கு அனுப்பினார்கள். அவள் உடனே திரும்ப அழைத்தாள். ஆறு பேரையும் அவளுக்குத் தெரியும். ஒரே தெருக்காரர்கள். தாஹினாவும் மற்ற ஐந்து பேரும் அதே குழியில், அதே சரிவில் செத்தவர்கள்.

செத்தவன் வந்து கேள்வி கேட்கமாட்டான் என்றுதான் மெர்ஃபெல்ட் இவர்கள் முகத்தை எடுத்திருக்கிறான் என்றாள் ரோஸ்விதா. உயிரோடு இருப்பவன் படத்தைப் போட்டால் என்றைக்காவது கூலி கேட்பான். பிணம் கேட்குமா?

தீலோ படங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆறு பேரும் சிரிக்கிறாங்க மேடம்."

"அதுக்கென்ன?"

"நான் எத்தனையோ பேருக்கு அடையாள அட்டை போட்டோ எடுத்திருக்கேன். ஒருத்தரும் இப்படிச் சிரிச்சதில்லை. இது மெர்ஃபெல்டைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பா? போட்டோ எடுத்த ஆளை இவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அதை வொலானாவிடம் கேட்டார்கள். அவளுக்கு உடனே நினைவு வந்தது. கம்பெனியிலிருந்து ஒரு ஜெர்மன்காரி வந்ததாகத் தம்பி போனில் சொல்லியிருக்கிறான். அக்கா, நம் பாஷையை அவள் கடித்துத் துப்பினாள், படம் எடுக்கும்போது சிரிப்பை அடக்கவே முடியவில்லை என்றானாம். பெயர் அவளுக்குத் தெரியாது.

சைரன் அவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் கீழ்நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே வீடுகள் கிடையாது. வேலி போட்டுப் பிரித்த சின்னச் சின்ன வாடகைத் தோட்டங்கள்தான். தோட்டக்காரர் சங்கத் தலைவர், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல், விதிமீறல்களை வரிசையாகக் கொட்டினார். வேலிச்செடி அளவுக்கு மேல் வளர்ந்த தோட்டம், ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் ஆள். கடைசியில், கண்ட சிவப்பு மண்ணைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு எச்சரித்தும் அகற்றாத ஒரு பெண். மெர்ஃபெல்ட் கம்பெனியில் நிலவியல் நிபுணராம். படித்தவளுக்கு விதி தெரிய வேண்டாமா என்று அவர் கேட்டார்.

ரோஸ்விதா வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு தோட்டச் சங்கத் தலைவருக்கு மனமார நன்றி சொன்னாள்.

*

வொலானா வந்து சேர்ந்ததும் மூன்று பேருமாகப் படலைத் திறந்துகொண்டு போனார்கள். குடிசை வாசலில் நின்றிருந்தவள் பெயர் கெசினே. நாற்பது வயது இருக்கும், வாரிக்கட்டிய முடி, முழங்கால்வரை சேறு. காலருகே சிவப்பு மண் தொட்டி. வொலானாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த கத்தரி நழுவியது. உடைந்த பல் ஒன்றைத் தவிர, அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே முகம்.

"யாராவது வருவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் கெசினே. "இவ்வளவு நாளாகும்னுதான் தெரியலை."

பிறகு அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். சரிவுக்குப் பிறகு மெர்ஃபெல்ட் அந்தக் குழியை ஓசைப்படாமல் மூடிவிட்டார். கல் வரத்து நின்றது, ஆனால் கடைகள் முகம் உள்ள கல் கேட்டுக்கொண்டே இருந்தன. பாங்காக்கில் பொட்டலம் பொட்டலமாக நீலக்கல் வாங்கினார். எந்த நாட்டு மண், எவன் தோண்டியது, யாருக்கும் தெரியாத கல். ஆப்பில் பதிவது கெசினேயின் வேலை. ஏதாவது ஒரு மூஞ்சியைப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே போய் அவளே படம் எடுத்த தொழிலாளர்கள் நூற்றுக்குமேல். அவர்களில் யாரை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

"உயிரோட இருக்கிற ஒருத்தரைக்கூட நான் போடலை" என்றாள். "ஒவ்வொரு பொய்க் கல்லுக்கும் அந்த ஆறு பேர்ல ஒருத்தர். வேணும்னேதான் போட்டேன். யாராவது அடையாளம் கண்டுபிடிப்பாங்கன்னு."

தீலோ சைரனைப் பற்றிக் கேட்டான். வீடியோ எல்லாம் இந்தத் தொட்டி மண்ணில் எடுத்ததுதான், முதல் தடவை சைரன் தற்செயலாக விழுந்தது, அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதற்காகவே காத்திருந்து எடுத்தேன் என்றாள் அவள்.

ரோஸ்விதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மெர்ஃபெல்ட் அன்று ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை. அந்த ஆளைப் பார்த்ததே இல்லை என்றது சத்தியமான வார்த்தை. தன் குழியில் செத்தவர்களின் முகத்தை, தானே கடைகடையாக விற்கிற முகத்தை, அவர் ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

கெசினே வொலானா பக்கம் ஓரடி எடுத்து வைத்து, நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று தொடங்கினாள்.

"உனக்கு வாய் இருக்கா?" என்றாள் வொலானா.

கெசினே நின்றுவிட்டாள்.

"வாய் இருக்கு. போன் இருக்கு. போலீஸ் ஸ்டேஷன் பாலத்துக்கு அந்தப்பக்கம். ரெண்டு வருஷமா நீ வாயைத் திறக்கலை. என் தம்பியைப் பேச விட்டே. செத்தவனை எழுப்பி வேலை வாங்கினே."

"கான்ட்ராக்ட்ல வெளியே சொல்லக் கூடாதுன்னு இருக்கு. எனக்குப் பயம். வேலை போயிடும், கேஸ் போடுவாங்க..."

"பயமா? அவனுக்கும்தான் பயம். குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி தினமும் எனக்குப் போன் பண்ணுவான். பயந்துட்டேதான் இறங்கினான்." வொலானா குரலை உயர்த்தவே இல்லை. "அவன் உன்னை நம்பிச் சிரிச்சான். அந்தச் சிரிப்பை எடுத்து நீ கொடி மாதிரி ஆட்டிட்டு, யாராவது பார்ப்பாங்கன்னு இங்க தக்காளி வளர்த்துட்டிருந்தே. அவன் முகத்தை அதுலேர்ந்து எடு."

எடுக்க முடியாது என்றாள் கெசினே. யாராலும் முடியாது. பதிந்ததை அழிக்கவே வழியில்லாதபடி கட்டியதுதான் ஃபாடன். அந்தப் பெருமைக்காகத்தான் மெர்ஃபெல்ட் அதைச் செய்ய வைத்தார். பழைய வரிக்குக் கீழே புது வரி சேர்க்கலாம், அவ்வளவுதான்.

"சேர்க்கிற சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"என்கிட்ட."

வொலானா புல்லில் கிடந்த கத்தரியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "அப்போ எழுது" என்றாள். "நான் சொல்றேன்."

இப்போதே சேர்த்தால் மெர்ஃபெல்ட் கார்டுகளையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு, தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் தப்பிவிடுவார் என்று ரோஸ்விதா தடுத்தாள். அடுத்த வாரம் ரத்தினக் கண்காட்சி. எத்தனையோ நாட்டு வியாபாரிகள் முன்னால் அவரே மேடையேறி ஸ்கேன் செய்யப்போகிறார். அதற்குள் கெசினேயை அரசு வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போய் வாக்குமூலம் கொடுக்க வைப்பது தன் பொறுப்பு என்றாள். கெசினே மறுக்கவில்லை. மறுத்திருந்தால் விடுகிற முகமும் ரோஸ்விதாவுக்கு இல்லை.

*

கண்காட்சி அரங்கில் மெர்ஃபெல்ட் கடைக்கு முன்னால் கூட்டம் நெருக்கியது. தலைக்கு மேலே சுவரளவு ஸ்கிரீன். மெர்ஃபெல்ட் வெள்ளிநிற டை கட்டிக்கொண்டு, நம்பிக்கையைப் பற்றிப் பேசினார், நேர்மையைப் பற்றிப் பேசினார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஒரு வியாபாரப் பெண்மணியை மேடைக்கு அழைத்து, தட்டிலிருந்து அவளுக்குப் பிடித்த கல்லை எடுக்கச் சொன்னார். அவள் ஆழ்ந்த நீலத்தில் ஒன்றை எடுத்தாள். மெர்ஃபெல்ட் கார்டை ஸ்கேன் செய்துவிட்டு, ஸ்கிரீனைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"இதோ, உங்கள் கல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்."

தாஹினா சுவர் முழுக்கச் சிரித்தான். அவன் முகத்துக்குக் கீழே அன்று காலைதான் சேர்த்த வரிகள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ஓடின.

'இவர் தாஹினா. மெர்ஃபெல்ட் கம்பெனியின் தொழிலாளி. கம்பெனியின் குழியில் மண் சரிந்து இறந்தார். திருடன் அல்ல. இந்தக் கல்லை இவர் தோண்டவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று கம்பெனியைக் கேளுங்கள்.'

மெர்ஃபெல்ட் கைகளை விரித்தபடியே, ஏன் யாரும் கைதட்டவில்லை என்று புரியாமல் நின்றார். அந்தப் பெண்மணி கல்லைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்கிரீனை அணை என்று உறுமினார். அணைத்தார்கள். ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கார்டை எடுத்துத் தங்கள் போனில் ஸ்கேன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு முகம் சிரித்தது, ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஒரு சாவு. பின்வரிசையில் நின்றிருந்த அரசு வழக்கறிஞரின் ஆட்கள் இரண்டு பேர் மேடையை நோக்கி நடந்தார்கள்.

மெர்ஃபெல்ட் முன்வரிசையில் நின்ற வொலானாவைக் கண்டார். யாரம்மா நீ, உன்னை யார் உள்ளே விட்டது என்று கேட்டார்.

"நல்லாப் பாருங்க" என்றாள் வொலானா. "இப்பவாவது பாருங்க."

அவர் பார்த்தார். அணைந்த ஸ்கிரீனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார்.

அரங்கத்துக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. கெசினே குடை பிடிக்காமல் படிக்கட்டுக்குக் கீழே காத்திருந்தாள். அவளுக்கு வேலை போய்விட்டது. இனி வழக்கும் வரும், அதில் அவள் பெயரும் இருக்கும். வொலானா இறங்கி வந்ததும் எதிரே போய் நின்றாள். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தவள், மன்னிச்சிடுங்க என்று மட்டும் சொன்னாள்.

தீலோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரோஸ்விதா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

வொலானா கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

"நான் ஒரு வீடுதான்" என்றாள். "எங்க தெருவுல இன்னும் அஞ்சு வீடு இருக்கு. வழி உனக்கே தெரியும். போய் அவங்க முன்னாடி நின்னு கேளு. அவங்கல்லாம் என்ன சொன்னாங்கன்னு வந்து சொல்லு, அப்புறம் நான் யோசிக்கிறேன்."

கெசினே தலையை ஆட்டினாள். வொலானா அவளைத் தாண்டி மழைக்குள் நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஐரோப்பா பூராவிலுமிருந்து வந்த வியாபாரிகள் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். தாஹினாவின் முகத்தோடு அவள் வருவதைக் கண்டு ஒவ்வொருவராக விலகி வழிவிட்டார்கள்.